கஸ்பார் விரலால் அளந்த சந்து

கஸ்பார் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ராயபுரத்தில் அவனைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. பேசியவர்கள் எல்லாம் மாதா தேர் எப்படி மாட்டிக்கொண்டது என்றுதான் சொன்னார்கள். ஏன் மாட்டிக்கொண்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாமல் அவனை ஏசுவது சரியில்லை.

அவன் ட்ரைலர் ஓட்டுகிறவன். மீசை முளைக்கும் வயதில் லாரி கிளீனராகப் போய், டிரைவராகி, இப்போது பெரிய கண்டெய்னரை முதுகில் சுமக்கிற வண்டியைத் துறைமுகத்துக்கும் மணலிக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். எண்ணூர் ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டே இருக்கும் வரிசையில் அவன் ஆயுளில் பாதி போயிருக்கும். அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டு, சக்கரத்துக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கியவன். வண்டி நுழையுமா நுழையாதா என்பதை இறங்கிப் பார்க்காமலே, கண்ணால் ஒரு தரம் தடவிவிட்டுச் சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்கு ஒரு நாளும் பழுது வந்ததில்லை.

ஃபோனில் வழிகாட்டும் மேப் வந்த புதிதில் அதைக் கேலி பேசினான். பிறகு ஒரு நாள் மீஞ்சூர்ப் பக்கம் புது குடோன் ஒன்றுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனபோது, வழி கேட்ட ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஃபோன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றிலிருந்து ஃபோன் சொன்னதுதான் அவனுக்கு வேதம். தெருவில் யாருக்காவது கல்யாண மண்டபம் தெரியவில்லையா, பெரம்பூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போக வேண்டுமா, கஸ்பாரிடம்தான் வருவார்கள். அவனும் இரண்டு விரலை வைத்துத் திரையைப் பிரித்து, ஊரைப் பெரிதாக்கி, தெருப்பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவான். தூரத்தை அவன் நிமிஷத்தில்தான் கணக்குப் பண்ணுவான். திரையின் அடியில் ஒரு சின்னக் கோடும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். கம்பெனிக்காரன் தன் அடையாளத்துக்கு ஏதோ போட்டிருக்கிறான் என்று நினைத்து அதை அவன் கண்டுகொண்டதே இல்லை.

அவனுக்கு ஓர் அக்கா. வியாகுலம்மாள். தாய் போன பிறகு அவனுக்குத் தலை வாரி, சட்டைக்குப் பொத்தான் தைத்து, மாதா கோயிலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவள். அவள் இருப்பது வலைக்காரன் சந்தில். கஸ்பார் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்தச் சந்துக்குள் கஸ்பார் கால் வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் நாலு பேர் கூடிச் சேர்த்து வைத்திருப்பார்கள். அக்கா வீட்டுக்காரர் மாரடைப்பில் போன அன்று கஸ்பாரின் வண்டி துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தது. அக்கா மகள் ஜானட் ஃபோன் பண்ணி அழுதாள். வண்டியை விட்டுவிட்டு வர முடியாது என்று சொன்னான். முன்னால் நின்ற வண்டிக்காரன், நீ போய்விட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்போதே சொன்னான். கஸ்பார்தான் போகவில்லை. வரிசை நகர்ந்தால் இடம் போய்விடுமே என்ற ஒரே எண்ணம். மறுநாள் வண்டியை விட்டு இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. அதற்கு வராதவன் எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. அந்த வெட்கத்தில் மூன்றாம் நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போகாத வெட்கத்தில் முப்பதாம் நாள் பூசைக்கும் போகவில்லை. அப்புறம் வெட்கம் அவனைக் கேட்காமலே வளர்ந்துகொண்டு போயிற்று. கடைக்குப் போனாலும் அந்தச் சந்தின் வாயைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வியாகுலம்மாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் கட்டில்தான் உலகம். கஸ்பாரின் மகள் சாண்ட்ரா மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தையைப் பார்க்கப் போவாள். திரும்பி வந்து அப்பனிடம் எதையும் மறைக்காமல் சொல்லுவாள். அத்தை இந்த வருஷமும் தேர் பார்க்கவில்லை என்று அழுகிறாள், வாண வேடிக்கைச் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள் என்று சொல்லுவாள். கஸ்பார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

இந்த வருஷம் திருவிழாவுக்குக் கொடியேற்றும் முன்பே ஒரு தொல்லை வந்தது. தேர் வழக்கமாகத் திரும்புகிற தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டி, கம்பியைக் கட்டி, அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஃபாதர் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையைக் கூட்டி, புது வழி சொல்லுங்கள் என்றார். வழி என்றதும் எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள்.

அவன் கோயில் வாசலில் நின்றபடி ஃபோனை எடுத்தான். தேர் வருகிற பெரிய தெருவைப் பார்த்தான். திரையில் அந்தத் தெரு அவன் ஆள்காட்டி விரல் அகலம் இருந்தது. விரலை வைத்து மூடிப் பார்த்தான். சரியாக மூடியது. தேர் வருஷா வருஷம் தாராளமாகப் போகிற தெரு அது. ஆகவே ஒரு விரல் அகலம் இருந்தால் தேர் போகும். பெரிய தெருவிலிருந்து கடல் பக்கத்துத் தெருவுக்குக் குறுக்கே போகிற சந்துகளைத் தேடினான். மயிர் மயிராகத் தெரிந்தன, பெயர் தெரியவில்லை. பெயர் தெரிவதற்காக இரண்டு விரலால் பிரித்தான். இன்னும் பிரித்தான். வலைக்காரன் சந்து என்ற எழுத்து மேலே எழும்பி வந்தது. சந்தும் அதோடு கூட எழும்பி வந்தது. குறுகலான சந்து என்றுதான் அவனுக்கு ஞாபகம்; ஆனாலும் ஃபோன் சொல்லட்டும் என்று அதன்மேல் விரலை வைத்தான். சரியாக மூடியது.

அப்போது அவன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று அவனே பிற்பாடு சாண்ட்ராவிடம் சொன்னான். மாதாவே தேர் ஏறி அக்கா வீட்டு வாசலுக்குப் போகிறாள் என்று தோன்றியதாம். தான் போக வேண்டிய இடத்துக்குத் தனக்குப் பதிலாக மாதா போவாள். தேருக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டு தானும் போய்விடலாம். அத்தனை கூட்டத்தில், அத்தனை வெளிச்சத்தில், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. இதுதான் அவன் போட்ட கணக்கு.

வலைக்காரன் சந்து வழியாகத் தாராளமாகப் போகலாம் என்று ஃபாதரிடம் சொன்னான். பேரவைச் செயலாளர் வில்சனுக்கு அது சரியாகப் படவில்லை. வில்சன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்.

"நேர்ல போய்ப் பாத்தியா மாமு?"

"பாத்தேன்."

அந்த ஒரு சொல் எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. வில்சன் விடாமல், எதற்கும் நாளைக்கு ஒரு நடை சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம் என்றார். கஸ்பாருக்குச் சுருக்கென்றது. சேர்ந்து போனால் அக்கா வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். அந்தப் பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டான்.

"நாப்பது அடி வண்டிய ரிவர்ஸ்ல வுட்றவன் நானு. எனக்கே நீ ரோடு காட்றியா நைனா?"

எல்லோரும் சிரித்தார்கள். வில்சனும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் அன்றைக்கு விடாமல் இருந்திருக்கலாம்.

செய்தி சந்துக்குள் போனது. அந்தச் சந்து உண்டான நாளாகத் தேர் அதற்குள் வந்ததில்லை. அங்கே இருப்பவர்கள் மீன் கம்பெனிக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வேலை முடிந்து வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வீட்டுக்கு வீடு சீரியல் செட் கட்டினார்கள். பைக்குகளை எல்லாம் வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வியாகுலம்மாள் ஜானட்டிடம் கட்டிலை இழுக்கச் சொல்லி, வாசல் நிலைக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். எதிர்வீடு, பக்கத்து வீடு ஒன்று விடாமல் கூப்பிட்டு, என் தம்பிதான் தேரைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று சொன்னாளாம். சாண்ட்ரா இதை வீட்டில் சொன்னபோது கஸ்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

தேரன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கூட்டம் பெரிய தெருவில் வந்தது. முன்னால் பாண்டு, பிறகு மெழுகுவத்தி பிடித்த பெண்கள், பிறகு தேர், தேருக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி. நாலு பக்கமும் தூண் நிறுத்தி, மேலே விதானம் கட்டி, நடுவில் நீல முக்காடு போட்ட மாதா. கஸ்பார் தேருக்கு முன்னால், முகத்தைத் தேரின் பக்கம் வைத்துப் பின்பக்கமாக நடந்தபடி, வாயில் விசிலோடு கையைக் காட்டிக்கொண்டு வந்தான். சந்தின் வாய்க்கு வந்ததும் பாண்டும் பெண்களும் ஒதுங்கி வழிவிட, தேரைத் திருப்பச் சைகை காட்டிவிட்டு, தானும் திரும்பினான்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் அந்தச் சந்தைப் பார்த்தான்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அளக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் வீட்டுப் படிகள் தெருவுக்குள் இறங்கியிருந்தன. படிக்கும் படிக்கும் நடுவே மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று போகும். தேர் போகாது. அவனுடைய கண் எப்போதும்போல் சரியாகச் சொன்னது. சந்தின் உள்ளே வரிசையாக மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் கூவின. நிறுத்துங்கள் என்று அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதி அவமானத்தோடு போயிருக்கும். அவனால் சொல்ல முடியவில்லை. எப்படியாவது, ஏதாவது ஒரு விதமாக, நுழைந்துவிடாதா என்று விசிலை ஊதினான்.

தள்ளுகிறவர்கள் தள்ளினார்கள். தேரின் வலது பக்கச் சக்கரம் முதல் வீட்டுப் படியில் ஏறி இறுகிக்கொண்டது. இடது பக்கத் தூண் எதிர்வீட்டு சன்ஷேடில் இடித்து மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. விதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல்புச் சரம் அறுந்து தேர் இருண்டுபோயிற்று. ஜெபமாலை, அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் பாதியில் நின்றது. பாண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊதுவதை விட்டார்கள்.

மாதா சாயாமல் நின்றாள். அது ஒன்றுதான் ஆறுதல்.

முன்னால் போகாது, பின்னால்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் விஷயம். அந்தக் கோயிலில் மாதா தேர் புறப்பட்டால் சுற்றி வந்து முன்னுக்குத்தான் நிலைக்கு வரும். பின்னுக்கு இழுத்ததாக யாரும் கண்டதில்லை, கேட்டதில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வில்சன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, படியையும் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கஸ்பாரைப் பார்த்தார்.

"பாத்தேன்னு சொன்னியே மாமு."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்தான். சாண்ட்ரா அவன் முழங்கையைப் பிடித்து ஜெனரேட்டர் வண்டி மறைவுக்குக் கூட்டிப் போனாள். யாருக்கும் கேட்காதபடி, எப்படி அளந்தாய் என்று கேட்டாள். அவன் ஃபோனை எடுத்து, பெரிய தெருவில் ஒரு விரல், சந்தில் ஒரு விரல் என்று செய்து காட்டினான்.

"அடியில ஒரு கோடு கீதே, அத்த பாத்தியா பா?" என்றாள் அவள். "பெரிய தெருவ நீ பாக்கசொல்ல அந்தக் கோடு இருபது மீட்டரு. சந்த இழுத்துப் பாக்கசொல்ல, அதே நீட்டுக் கோடு வெறும் அஞ்சு மீட்டரு. படத்த நீ இழுத்துகினே போனே. வூடுங்க நவுரல பா."

அவன் மறுபடி விரலால் பிரித்துப் பார்த்தான். சந்து அகன்றது. பெரிய தெரு அதைவிட அகன்று திரைக்கு வெளியே வழிந்து ஓடியது. அடியில் இருந்த எண் குறைந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கோடு அங்கேயே உட்கார்ந்து, படத்தில் இத்தனை நீளம் தரையில் இத்தனை நீளம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சந்தைப் பெரிதாக்கியவன் தேரையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். தேர் அவன் மனசில் பெரிய தெருவில் நின்ற அளவிலேயே நின்றுவிட்டது.

புரிந்ததும் வெட்கம் குறையவில்லை, கூடிவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் இரண்டு தெரு நடந்து வந்து சந்தை ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் எந்தக் கோடும் தேவையில்லை. அது அவனுக்குத் தெரியும்.

ஃபாதர் மைக்கில் பேசினார். தேர் உள்ளே வராது, சந்தில் இருக்கிறவர்களுக்காக இங்கிருந்தே ஜெபிப்போம் என்றார். மைக் சத்தம் உள்ளே சரியாகப் போகவில்லை. சந்தின் கடைசியில் இருந்தவர்கள் இன்னும் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்று வில்சன் படியேறிக் கிளம்பினார்.

"நான் போறேன்" என்றான் கஸ்பார்.

தேருக்கும் சுவருக்கும் இடையே உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்து உள்ளே போனான். தேர் எங்கே, ஏன் விளக்கு அணைந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னான்: வராது. சந்து பெரிய தூரம் போகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தான். அவன் மூச்சைச் சரிபண்ணிக்கொள்ளும் முன்பே அக்கா வீடு வந்துவிட்டது.

வியாகுலம்மாள் புதுப் புடவை கட்டி, கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் அவளே கட்டிய மல்லிகைச் சரம். தம்பியைப் பார்த்தவள் முதலில் அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மாதா எங்கடா?"

"சந்து வாயில மாட்டிக்கிச்சிக்கா. உள்ள வராது."

அவள் சரத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். அவன் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன், உட்கார் என்றான். அவளைக் கைத்தாங்கலாக நாற்காலியில் இறக்கி, ஜானட் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். எடையே இல்லை. இத்தனை லேசானவளை, இத்தனை குட்டையான சந்தில், எந்த வருஷம் வேண்டுமானாலும் தூக்கி வந்திருக்கலாம்.

சந்தின் வாயில், தேருக்கு எதிரே நாற்காலியை இறக்கினார்கள். கூட்டம் விலகி இடம் விட்டது. வியாகுலம்மாள் மாதாவை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள். சரத்தை வாங்கி யாரோ தேரில் போட்டார்கள். பிறகு அவள் கண் சாய்ந்த விதானத்துக்குப் போனது, பிளந்த தூணுக்குப் போனது.

"தேர இப்டி பண்ணது யாரு?" என்று கேட்டாள். கிழவிக்குக் குரல் மட்டும் குறையவில்லை. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"நான்தான்கா" என்றான் கஸ்பார். "நேர்ல வந்து பாத்தேன்னு கோயில்ல சொன்னேன். பாக்கல. ஃபோன்ல பாத்துட்டு சொல்ட்டேன்."

வில்சன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு தெரு தள்ளி கீற சந்து. வந்து பாத்தா இன்னாடா?"

"உன் மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்திச்சி."

"இப்ப மட்டும் எப்டி வந்தே?"

அவன் யோசித்துப் பார்த்து, உண்மையையே சொன்னான்.

"வேற வழி இல்லாமதான்கா வந்தேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வியாகுலம்மாள் சிரிக்கவில்லை. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடக்கத்துக்கு வராததைப் பற்றி ஒரு சொல் கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. தொப்பையைப் பார், வயசாகிவிட்டது உனக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி மாதாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேரைப் பின்னால் எடுக்க வேண்டிய வேளை வந்தது. யார் விசில் ஊதுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வில்சன் கையை நீட்டினார். கஸ்பார் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி விசிலைக் கொடுத்தான். ஃபாதர் பாட்டைத் தொடங்கி வைத்தார். பெண்கள் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டார்கள். படிக்குக் கீழே பலகை கொடுத்து, பத்து ஆட்கள் தோள் கொடுக்க, தேர் ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னுக்கு வந்து பெரிய தெருவில் நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்பார் தலையை நிமிர்த்தவே இல்லை. அக்காவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விதானத்தைக் கயிற்றால் கட்டி, சரத்தை முடிந்து, விளக்கைப் போட்டார்கள். பாண்டு மறுபடி ஊதியது. தேர் மெயின் ரோட்டுப் பக்கம் நகர்ந்தது. வில்சனின் விசில் தப்புத் தப்பான இடத்தில் கேட்டது. அதைத் திருத்த வேண்டும்போல் கஸ்பாரின் கை ஒரு தரம் தானாக எழுந்தது. இறக்கிக்கொண்டான்.

"தேரு கூட போலையா நீ?" என்றாள் வியாகுலம்மாள்.

"இல்லக்கா."

"அப்போ என்ன வூட்ல வுடு. இடுப்பு நோவுது."

அவன் ஜானட்டைக் கூப்பிட்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னான்.